1987-இல் அமெரிக்கப் படையிலிருந்து அனுப்பப்பட்ட மாமா: திருகோணமலையில் இருந்துகொண்டு அவருடைய விடுவிப்புப் பத்திரத்தைத் திருத்தலாமா?

உப்புவெளி மருமகள்
ஞாயிறு, இரவு 9.40

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், முழுவதையும் சொன்னால்தான் விளங்கும்.

என் அம்மாவின் கடைசித் தம்பி 1979-இல், 18 வயதில், பெரிய மாமாவின் ஸ்பொன்சரில் அமெரிக்கா போனார். 1983-இல் அங்கே படையில் சேர்ந்தார். எந்தப் படை, எந்த முகாம் என்று இங்கே எழுதமாட்டேன், திருகோணமலை சின்ன ஊர், இரண்டு விவரம் சேர்ந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். 1987-இல் அவரை அனுப்பிவிட்டார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றுதான் வீட்டுக்குச் சொன்னார். உண்மையில் அவருக்கு இன்னோர் ஆணோடு உறவு இருந்தது மேலிடத்துக்குத் தெரிந்துபோயிருக்கிறது. அந்தக் காலத்தில் அது போதும் ஒருவரை வெளியே தள்ள.

2018-இல் மாமா ஊரோடு வந்துவிட்டார், எங்கள் வீட்டில்தான் இருக்கிறார். போன மாதம் நெஞ்சு வலி வந்து ஒரு கிழமை வார்டில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்த அன்று இரவு, தன் கடுதாசிகள் எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி வைக்கச் சொல்லி ஒரு பழைய ஃபைலைக் கையில் தந்தார். அதற்குள்தான் டிடி 214 என்று தலைப்புப் போட்ட அந்தப் பத்திரம் இருந்தது, படையிலிருந்து விடுவிக்கும்போது கொடுப்பது. இது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு விறாந்தையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். 38 வருடமாக யாருக்கும் சொல்லாத கதை. எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

அந்தப் பத்திரத்தில் சேவையின் தன்மை என்ற இடத்தில் 'அதர் தான் ஹானரபிள்' என்று போட்டிருக்கிறது. கௌரவம் இல்லாத முறையில் விடுவிக்கப்பட்டார் என்று அர்த்தம். அங்கே வேலைக்குப் போகும்போது படையில் இருந்தவர்களிடம் முதலில் கேட்பதே இந்தப் பத்திரத்தைத்தானாம். அதனால் அவர் படையில் இருந்ததையே மறைத்திருக்கிறார். நான்கு வருடம் என்ன செய்தாய் என்று கேட்டால், சுகமில்லாத அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்வாராம். அம்மம்மாவோ அப்போது இங்கே திருகோணமலையில், 87-இல் என்ன நிலைமை என்று உங்களுக்குத் தெரியும், மகன் பக்கத்தில் இல்லாமல் தனியாகத்தான் எல்லாவற்றையும் பட்டார். அந்தப் பொய்யைச் சொன்னதுதான் தனக்கு ஆறவில்லை என்கிறார்.

இப்போது அமெரிக்காவில் சட்டம் மாறிவிட்டது, இப்படி அனுப்பப்பட்டவர்களுடைய பத்திரங்களைத் திருத்திக் கொடுக்கிறார்கள் என்று படித்தேன். எல்லாருக்கும் தானாகவே திருத்திவிட்டார்கள் என்று ஒரு இடத்தில் இருக்கிறது, விண்ணப்பிக்க வேண்டும் என்று இன்னோர் இடத்தில் இருக்கிறது, 15 வருடத்துக்குள் விண்ணப்பிக்காவிட்டால் சரிவராது என்று வேறோர் இடத்தில். எது சரி? அங்கே போகாமல் இங்கிருந்தே செய்ய முடியுமா? கொழும்பில் தூதரகத்துக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டுமா? இந்த உடம்போடு அவரைக் கொழும்புக்கு பஸ்ஸில் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது.

அவருக்குக் காசு வேண்டாம். அந்த நாலு வருசமும் நான் ஒழுங்காக வேலை செய்தனான், அது பத்திரத்தில் வந்தால் காணும் என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய சீனக்குடா
திங்கள், அதிகாலை 5.15

தங்கச்சி, நான் சீனக்குடாவில் பிறந்தவன், அமெரிக்கா வந்து 24 வருடம். சட்டத்தரணி இல்லை, ஆனால் முன்னாள் படையினருக்கு ஃபோர்ம் நிரப்பிக் கொடுக்கும் தொண்டு வேலையில் சனிக்கிழமைகளில் இருக்கிறேன். இந்த மாதிரிக் கோப்புகள் கொஞ்சம் பார்த்திருக்கிறேன்.

முதலில் 'தானாகவே திருத்திவிட்டார்கள்' என்ற செய்தி. அது பாதி உண்மை, உங்கள் மாமாவுக்குப் பொருந்தாது. 'கேட்காதே, சொல்லாதே' என்று, தன்பாலீர்ப்பை வெளியே சொல்லாதவரைக்கும்தான் படையில் இருக்கலாம் என்ற ஒரு சட்டம் 1993-இல் வந்தது, 2011 செப்டம்பர் 20-இல் முடிவுக்கு வந்தது. அந்தக் காலத்தில் ஏறக்குறைய 13,500 பேரை அனுப்பினார்கள். 2023-இல் பாதுகாப்புத் திணைக்களம் அந்தக் காலத்துக் கோப்புகளைத் தானே எடுத்துப் பார்க்கத் தொடங்கி, 2024-இல் 800-க்கு மேற்பட்டவர்களுக்கு விடுவிப்பின் தரத்தை உயர்த்திக் கொடுத்தது. ஆனால் மாமா போனது 1987. அதற்கு முந்திய விதி இன்னும் கடுமையானது, தன்பாலீர்ப்பு படைச் சேவைக்கு ஒத்துவராது என்று 80-களின் தொடக்கத்திலேயே எழுத்தில் போட்டிருந்தார்கள், கேட்பதும் தோண்டுவதும் எல்லாம் அனுமதிக்கப்பட்ட காலம். அந்தக் காலத்தவர்களுடைய கோப்பை யாரும் தேடி வந்து எடுக்கப்போவதில்லை, அவர்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

அப்புறம் 15 வருடக் கணக்கு. விடுவிப்பு மீளாய்வுச் சபை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு டிடி 293 என்ற ஃபோர்ம், அங்கேதான் அந்த 15 வருட எல்லை. மாமாவுக்கு அந்தக் கதவு 2002-இலேயே மூடிவிட்டது. ஆனால் படைப் பதிவுகளைத் திருத்தும் சபை என்று இன்னொன்று இருக்கிறது, தரைப்படைக்கு ஒன்று, விமானப்படைக்கு ஒன்று, கடற்படைக்கும் மரைன்களுக்கும் சேர்த்து ஒன்று. அதற்கு டிடி 149. அங்கே பிழையைக் கண்டுபிடித்து 3 வருடத்துக்குள் என்று விதி இருந்தாலும், நீதியின் பொருட்டு அதைத் தள்ளிவைக்கச் சபைக்கு அதிகாரம் உண்டு. ஏன் பிந்தியது என்று எழுதக் கேட்டிருப்பார்கள், அந்த இடத்தை வெறுமனே விடவேண்டாம். நீங்கள் இங்கே எழுதியதையே எழுதலாம், வெட்கத்தில் மறைத்து வைத்திருந்தார், இப்படி ஒரு வழி இருப்பதே தெரியாது என்று.

இந்தச் சபைகள் எதை வைத்துத் தீர்மானிக்கின்றன என்பதற்கு 2011 செப்டம்பர் 20 தேதியிட்ட ஒரு அறிவுறுத்தல் இருக்கிறது. இரண்டு விஷயம் பார்ப்பார்கள். அனுப்பியதற்குக் காரணம் அந்தச் சட்டமோ அதற்கு முந்திய அதுபோன்ற விதியோ மட்டும்தானா? கோப்பில் வேறு ஒழுங்கீனம் ஏதாவது இருக்கிறதா? முதலாவதுக்கு ஆம், இரண்டாவதுக்கு இல்லை என்றால் வழமையாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. கொடுத்தால் சேவையின் தன்மை 'ஹானரபிள்' ஆகும், காரணம் என்ற இடத்தில் 'செக்ரெட்டேரியல் ஒதோரிட்டி' என்று, அதாவது செயலாளரின் அதிகாரத்தின்படி என்று, பொதுவாக ஒன்று வரும். ஏன் பிரிந்தார், திரும்பச் சேர்க்கலாமா என்று காட்டும் பிரிப்புக் குறியீடும் மீள்சேர்ப்புக் குறியீடும் மாறும். பழையதில் கீறித் திருத்துவதில்லை, புதிய பத்திரமே தருவார்கள்.

ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் ஒன்று பாருங்கள். டிடி 214 இரண்டு விதமாக இருக்கும். நீளமானதில் கீழ்ப்பக்கம் 24 முதல் 28 வரை கட்டங்கள் நிரப்பியிருக்கும், 28-ஆவதில் காரணம் எழுதியிருக்கும். குறுகியதில் காரணம் இருக்காது. மாமாவிடம் இருக்கும் பத்திரத்தில் 28-இல் என்ன எழுதியிருக்கிறது? அந்த ஒரு வரியில்தான் முழு விஷயமும் தங்கியிருக்கிறது. அது இல்லாமல் நான் மேலே ஒன்றும் சொல்லமாட்டேன்.

தூதரகத்துக்குப் போகத் தேவையில்லை. டிடி 149-இல் மாமா தன் கையால் கையெழுத்து வைத்தால் காணும், நொத்தாரிசு முத்திரை கேட்பதில்லை.


பாலையூற்று ஓய்வுபெற்ற ஆசிரியர்
திங்கள், காலை 8.30

பிள்ளை, கோபிக்காமல் ஒரு விஷயம் கேட்டுக்கொள். உன் மாமாவுக்கு நடந்தது அநியாயம்தான், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் 38 வருடமாக மூடிக் கிடந்ததைத் திறக்கும்போது நாலு கண் பார்க்கும். அமெரிக்காவில் சட்டம் மாறியிருக்கலாம், இங்கே தண்டனைச் சட்டக்கோவையில் தன்பால் உறவைக் குற்றமாக்கும் 365-உம் 365-அ பிரிவும் இன்னும் கிடக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிவைத்துவிட்டுப் போனது. 2023-இல் அதை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது, பாராளுமன்றம் இன்னும் நிறைவேற்றவில்லை. இப்படியான இடத்தில், தன் வாயால் ஆம் நான் அப்படித்தான் என்று ஒரு மனிதன் கையெழுத்து வைத்துத் தபாலில் போடுவதா? நாளைக்கு அந்தக் கடிதம் யார் கைக்குப் போகும்? சுகமில்லாத மனிதர். அவர் நிம்மதியாக இருக்கவேண்டும் என்பதுதான் என் யோசனை.


உப்புவெளி மருமகள்
திங்கள், இரவு 10.05

சேர், உங்கள் அக்கறை விளங்குகிறது. இதே பயம் எனக்கும் இருந்தது, நீங்கள் எழுதியதை மாமாவுக்கு வாசித்தும் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். நிம்மதியாக இருந்தால் நான் அந்தப் பத்திரத்தை 38 வருசம் ஏன் காவித் திரிஞ்சனான், எரிச்சிருப்பனே என்றார். நான்கு வீடு மாறியிருக்கிறார், அதை எறியவுமில்லை, யாருக்கும் காட்டவுமில்லை. அதனால் இதைத் திறந்தது நான் இல்லை சேர், அவர்தான் என் கையில் தந்தார்.

அண்ணா, பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நீளமானதுதான், கீழே எல்லாம் இருக்கிறது. 28-ஆவது கட்டத்தில் தன்பாலீர்ப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை! இராணுவ நீதிமன்ற விசாரணைக்குப் பதிலாக விடுவிப்பு என்றுதான் இருக்கிறது. எனக்குத் தலை சுற்றிவிட்டது. மாமா ஏதோ களவெடுத்துப் பிடிபட்டவர் மாதிரி இருக்கிறது அதை வாசிக்க. கேட்டேன். இரண்டு நாள் ஒரு அறையில் வைத்துக் கேள்வி கேட்டார்களாம், மற்றவருடைய பெயரைச் சொல்லச் சொல்லி. சொல்லவில்லை. மூன்றாம் நாள் ஒரு கடுதாசியை வைத்து, இதில் கையெழுத்து வைத்தால் வீட்டுக்குப் போகலாம், வைக்காவிட்டால் நீதிமன்றம், சிறை, உன் வீட்டுக்கும் காரணத்தோடு தகவல் போகும் என்றார்களாம். வீட்டுக்குப் போகும் என்ற சொல்லில்தான் கையெழுத்து வைத்தேன் என்றார். 26 வயது.

இப்போது என்ன செய்வது? காரணமே எழுதாத பத்திரத்தில் காரணத்தை எப்படி நிரூபிப்பது?

இன்னொன்று. இதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா எழும்பிப் போய் அம்மம்மாவின் ட்ரங்குப் பெட்டியைத் திறந்தா. 90-இல் இடம்பெயர்ந்தபோது அம்மம்மா கையோடு கொண்டுபோன பெட்டி, காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், கொஞ்சம் கடிதங்கள். அதற்குள் மாமா 1987-இல் அம்மம்மாவுக்கு எழுதிய நீலநிற ஏர்மெயில் கடிதம் இருக்கிறது. எழுதியதே மாமாவுக்கு நினைவில்லை. தன்னை ஏன் அனுப்புகிறார்கள் என்று அதில் அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார், இன்னார்மேல் அன்பு வைத்ததற்காக, வேறு எந்தக் குற்றமும் செய்யவில்லை என்று. அப்படியென்றால் அம்மம்மாவுக்குத் தெரியும். 2003-இல் கண்மூடும் வரைக்கும் யாருக்கும் சொல்லவில்லை, கிழித்துப் போடவுமில்லை, ஓடும்போதும் காணி உறுதியோடு சேர்த்துக் கொண்டு ஓடியிருக்கிறா. நாங்கள் மூன்று பேரும் அந்த இடத்திலேயே இருந்து அழுதுவிட்டோம்.


கொட்டியாரத்துப் பெண், லண்டன்
செவ்வாய், அதிகாலை 2.20

இதை வாசித்துவிட்டு நித்திரை வரவில்லை. நான் மூதூர் ஆள், இங்கே என் நெருங்கிய தோழி ஒருத்தி பிரித்தானியப் படையில் தாதியாக இருந்து 1994-இல் இதே காரணத்துக்காக வெளியே அனுப்பப்பட்டவள். அதனால் இந்தப் பக்கத்து அனுபவத்தைச் சொல்கிறேன்.

பிரித்தானியாவில் அந்தத் தடை 2000 ஜனவரி 12 வரைக்கும் இருந்தது. அதுவும் 1999-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்த பிறகுதான் எடுத்தார்கள். பிறகு லோர்ட் ஈதர்டன் தலைமையில் ஒரு விசாரணை நடந்து, 2023 ஜூலை 19-இல் பிரதமர் சுனக் பாராளுமன்றத்தில் எழும்பி மன்னிப்புக் கேட்டார். 2024 டிசம்பரில் இழப்பீட்டுத் திட்டம் தொடங்கியது, இந்தக் காரணத்தால் நீக்கப்பட்டவர்களுக்கு 50,000 பவுண். அந்தத் திட்டம் இரண்டு வருடத்துக்குத்தான் திறந்திருக்கும், ஊரில் யாராவது பிரித்தானியப் படையில் இருந்து இப்படி வந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பிந்தவேண்டாம்.

ஆனால் நான் சொல்லவந்தது காசைப் பற்றி இல்லை. என் தோழி விண்ணப்பம் எழுத உட்கார்ந்த அன்று எழுத ஏலாமல் போய்விட்டது. அந்த அறையை, அந்தக் கேள்விகளைத் திரும்பவும் எழுத வேண்டும், இல்லையா? மூன்று கிழமை மேசைப்பக்கமே போகவில்லை. உங்கள் மாமாவுக்கு இதயத்தில் வருத்தம் வேறு. ஒரே இருப்பில் எழுதச் சொல்லாதீர்கள். என் தோழிக்கு நாங்கள் செய்தது, அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், ஒரு நாளைக்கு அரைமணித்தியாலம், பிறகு தேத்தண்ணி குடித்து வேறு கதை கதைத்தோம். அப்படித்தான் முடிந்தது.

கடிதம் தமிழில் இருக்கிறபடியால் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டிவரும். திருகோணமலையில் ஒரு சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால் அவர் உங்கள் குடும்பத்தை அறிந்தவராக இருக்கக்கூடும். வேறு ஊரில், மட்டக்களப்பிலோ வவுனியாவிலோ, தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். மூலக் கடிதத்தை யாருக்கும் அனுப்பவேண்டாம், நல்ல கலர் ஸ்கேன் காணும். அந்தக் கடிதம் உங்கள் வீட்டை விட்டுப் போகக்கூடாது.


பழைய சீனக்குடா
செவ்வாய், காலை 6.50

தங்கச்சி, இதைத்தான் நான் பயந்தேன். அந்தக் காலத்தில் நிறையப் பேருக்கு இப்படித்தான் செய்தார்கள். 80-களின் விதிப்படி தன்பாலீர்ப்பு மட்டும் காரணம் என்றால் 'ஹானரபிள்' அல்லது அதற்கு அடுத்த 'ஜெனரல்' தரத்தில்தான் அனுப்பலாம். அதைவிடக் கீழே தள்ளவேண்டுமென்றால் பலவந்தம், வயது குறைந்தவர், தனக்குக் கீழே வேலை செய்பவர், பொது இடம், படைக் கப்பலுக்குள் அல்லது விமானத்துக்குள் நடந்தது என்று ஏதாவது ஒன்று வேண்டும். ஒன்றும் இல்லாத இடத்தில் இருந்த சுலபமான வழி, இப்படியான உறவைக் குற்றமாக்கிய படைச் சட்டத்தின் 125-ஆம் உறுப்புரையின் கீழ் வழக்குப் போடுவோம் என்று பயமுறுத்தி, அதற்குப் பதிலாக நீயே விலகுகிறேன் என்று எழுதித் தா என்பது. கையெழுத்து விழுந்தவுடன் பத்திரத்தில் காரணம் மாறிவிடும். பார்க்கிறவன் எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்வான்.

அதனால், இப்படி அனுப்பப்பட்டவர்கள் சேர்ந்து போட்டு 2025-இல் கலிபோர்னியாவில் முடிந்த கூட்டு வழக்கின் சமரசமும் மாமாவுக்கு உதவாது, அது பத்திரத்திலேயே அந்தக் காரணம் எழுதப்பட்டவர்களுக்கானது. 2024 ஜூனில் ஜனாதிபதி பைடன் கொடுத்த பொதுமன்னிப்பும் அப்படித்தான், 125-இன் கீழ் தண்டிக்கப்பட்டவர்களுக்கு. மாமாவை ஒரு நீதிமன்றமும் தண்டிக்கவில்லை. அவருக்கு இருக்கும் வழி டிடி 149 மட்டும்தான், அதில் உண்மையான காரணத்தை நாங்கள் காட்டவேண்டும்.

காட்டலாம். பத்திரத்தில் இல்லாதது கோப்பில் இருக்கும். செயின்ட் லூயிஸில் தேசிய பணியாளர் பதிவு நிலையம் இருக்கிறது, எஸ்எஃப் 180 என்ற ஃபோர்மில் மாமாவின் முழுக் கோப்பையும் கேளுங்கள், டிடி 214 மட்டும் என்று கேட்டுவிடாதீர்கள். இணையத்திலும் கேட்கலாம், ஆனால் ஆளை உறுதிப்படுத்தும் படி வெளிநாட்டிலிருந்து இடக்குப் பண்ணும், தபாலில் அனுப்புவது நிச்சயம். 1973-இல் அந்த நிலையத்தில் பெரிய தீ விபத்து நடந்து 1.6 கோடிக்கு மேல் கோப்புகள் எரிந்தன, ஆனால் எரிந்தது 1960-க்கு முந்திய தரைப்படைக் கோப்புகளும் 1964-க்கு முந்திய விமானப்படைக் கோப்புகளும்தான், மாமாவுடையதற்கு அதனால் ஆபத்தில்லை. அந்தக் கோப்பில் குற்றப்பத்திரிகை இருக்கவேண்டும், டிடி 458 என்று பெயர். என்ன குற்றம் சாட்டினார்கள் என்று அதில் இருக்கும். 125 மட்டும் இருந்து, இருவரும் வயது வந்தவர்கள், இருவரும் விரும்பியது என்று தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டிவிட்டோம். விரும்பி நடந்த உறவைக் குற்றமாக்கிய பகுதியை 2013 டிசம்பரிலேயே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்று அது குற்றமே இல்லை என்பதைச் சபைக்கு நேராக எழுதுங்கள்.

அடுத்தது அம்மம்மாவின் கடிதம். அது பெரிய சான்று. இன்று ஒருவர் 1987-ஐப் பற்றி எழுதுவது வேறு, 1987-இலேயே தாய்க்கு எழுதியது வேறு. கடித உறையும் தபால் முத்திரையும் இருந்தால் முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஸ்கேன் பண்ணுங்கள். உங்கள் அம்மா ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வைக்கட்டும், இது என் தாயின் பெட்டியில் இருந்தது, இந்தக் கையெழுத்து என் தம்பியுடையது என்று. அதில் ஏதாவது பெயர் இருந்தால், மாமாவோடு இருந்தவருடைய பெயர், அதை மறைத்துவிட்டு அனுப்புவதா என்று மாமாவையே கேளுங்கள். இரண்டு நாள் அந்த அறையில் சொல்லாத பெயரை அவருடைய அனுமதியில்லாமல் நாங்கள் அனுப்பக்கூடாது.

2018 ஜூலையில் வந்த இன்னோர் அறிவுறுத்தலும் இருக்கிறது, எவ்வளவு காலம் போயிருக்கிறது, அதற்குப் பிறகு அந்த மனிதர் எப்படி வாழ்ந்திருக்கிறார் என்பதையும் நீதி, கருணை அடிப்படையில் பார்க்கச் சொல்லி. அதற்காக மாமா அங்கே வேலை செய்த இடத்து ஆட்கள், இங்கே அவரை அறிந்தவர்கள், இரண்டு மூன்று பேரின் கடிதம் சேருங்கள். அவர்களுக்கு முழுக்கதை தெரியவேண்டும் என்றில்லை, எப்படிப்பட்ட மனிதர் என்று எழுதினால் காணும்.

ஆசிரியர் ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லவேண்டும். இந்தச் சபைகளின் தீர்மானங்களைப் பொதுப் பார்வைக்கு வைப்பார்கள், ஆனால் பெயரையும் அடையாளத்தையும் அழித்துவிட்டுத்தான். இலங்கை அரசாங்கத்துக்கு எதையும் அனுப்புவதில்லை. பதில் தபால் வீட்டுக்கு வருவது பயமென்றால் பெரிய மாமாவின் அமெரிக்க முகவரியைக் கொடுக்கலாம்.

காலம் பிடிக்கும். பெரும்பாலான விண்ணப்பங்களை 10 மாதத்துக்குள், எல்லாவற்றையும் 18 மாதத்துக்குள் முடிக்கவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. மறுத்தாலும் புதிய சான்று கிடைத்தால் திரும்பக் கேட்கலாம். வயதும் இதய வருத்தமும் இருப்பதை மருத்துவக் கடிதத்தோடு முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். காசு வேண்டாம் என்று மாமா சொன்னாலும், பத்திரம் மாறினால் முன்னாள் படையினருக்கான உதவிகளுக்கு வழி திறக்கும். சேவையால் வந்த வருத்தம் ஏதாவது இருந்து அதை அவர்கள் ஏற்றுக்கொண்டால் வெளிநாட்டில் வைத்தியம் பார்ப்பதற்கும் ஒரு திட்டம் இருக்கிறது. அதைப் பிறகு பார்ப்போம். இலவசமாக வாதாடும் சட்ட அமைப்பு ஒன்றும் இருக்கிறது, என்விஎல்எஸ்பி என்று தேடுங்கள், 28-ஆவது கட்டம் இப்படி இருக்கும்போது ஒரு சட்டத்தரணி பார்ப்பது நல்லது.


பாலையூற்று ஓய்வுபெற்ற ஆசிரியர்
செவ்வாய், மாலை 4.10

பிள்ளை, அந்தக் கடிதத்தைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு தாய் அதைக் காணி உறுதியோடு வைத்திருந்தா என்றால் நான் சொல்ல ஒன்றுமில்லை. என் பயம் போகவில்லை, ஊரை நான் அறிவேன். ஆனாலும் நான் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன். மாமாவின் வாக்குமூலத்தைப் பெயரும் இடமும் எடுத்துவிட்டு எனக்கு அனுப்பினால் மொழியைப் பார்த்துத் தருவேன். யார் என்று நான் கேட்கமாட்டேன். ஒன்று மட்டும், அவர் சொன்ன விதத்தை மாற்றி அலங்காரமாக எழுதவேண்டாம், நேராக எழுதினால்தான் வாசிப்பவனுக்கு ஏறும்.


உப்புவெளி மருமகள்
அடுத்த ஞாயிறு, இரவு 8.30

எல்லாருக்கும் நன்றி. சேர், நீங்கள் திருத்தித் தந்தது வந்தது, மூன்று இடத்தில்தான் கை வைத்திருக்கிறீர்கள், மாமாவுக்குச் சந்தோஷம்.

இந்த ஒரு கிழமையில் நடந்தது இவ்வளவு. லண்டன் அக்கா சொன்ன மாதிரி ஒரு நாளைக்கு அரைமணித்தியாலம் மாமா சொல்ல நான் எழுதினேன். இரண்டாம் நாள் அந்த அறைக் கதை வந்தபோது நிறுத்திவிட்டோம், கடற்கரைக்குக் கூட்டிப்போனேன், அடுத்த நாள் அவரே வா எழுதுவோம் என்று கூப்பிட்டார். கடிதத்தில் அந்த மற்றவருடைய பெயர் இருக்கிறது. மாமா அதை மறைக்கச் சொல்லிவிட்டார். அவர் உயிரோடு இருக்கிறாரா என்பதே மாமாவுக்குத் தெரியாது, ஆனாலும் அது என்னுடைய பெயரில்லையே என்றார். மறைத்த பிரதியைத்தான் மட்டக்களப்புக்கு மொழிபெயர்க்க அனுப்பியிருக்கிறேன்.

எஸ்எஃப் 180 வெள்ளிக்கிழமை போய்விட்டது. தபால் கந்தோருக்குத் தானும் வரவேண்டும் என்று மாமா பிடிவாதம், ஓட்டோ பிடித்துக் கூட்டிப்போனேன். பதிவுத் தபால் கவுண்டரில் இருந்த பிள்ளை, உள்ளே என்ன ஐயா என்று வழமையாகக் கேட்கிற மாதிரிக் கேட்டது. என்னுடைய சேர்விஸ் ரெக்கோர்ட், நான் படையில் இருந்தனான் என்றார் மாமா. அவர் வெளி ஆள் ஒருவருக்கு அதைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கோப்பு வந்ததும் டிடி 458-இல் என்ன இருக்கிறது என்று இங்கேயே எழுதுகிறேன் அண்ணா.